சுட்ட பூசணி சூப்பும் தோல் சீவாமைக் கோட்பாடும்

குளிர்காலப் பூசணி சூப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் ருசியில் தொடங்கி ருசியிலேயே முடித்துவிடுகிறார்கள். ருசி அதன் பக்கவிளைவு என்பது இக்கட்டுரையின் துணிபு. ஓவனில் சுட்டு, மிக்ஸியில் அரைத்து, கிரீம் விட்டு இறக்கும் அந்தச் செம்மஞ்சள் குழம்பு, மனிதன் பூசணிக்குத் தோல் சீவ மறுத்ததால் பிறந்தது. தோட்டத்திலிருந்து தொண்டை வரைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் தன் வேலையை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவதே அதன் செய்முறை. இதை இனி 'தோல் சீவாமைக் கோட்பாடு' என்று வழங்குவோம். பெயர் வைத்தவருக்கே கோட்பாடு சொந்தம் என்பது ஆய்வுலக வழக்கு.

முதலில் எல்லை வகுத்தல். குளிர்காலப் பூசணி குளிர்காலத்தில் காய்ப்பதில்லை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ இங்கிலாந்து என்னும் மாநிலங்களில், கோடையில் வளர்ந்து, செப்டம்பர் அக்டோபரில் உறைபனி விழுமுன் பறிக்கப்பட்டு, குளிர்காலம் முழுக்க நிலவறையில் கெடாமல் கிடப்பதால் அந்தப் பெயர். ஏக்கார்ன், டெலிகாட்டா, கபோச்சா, ஹப்பர்ட் என்று வகைகள் ஏராளம். நாம் எடுத்துக்கொள்வது பட்டர்நட் ஒன்றை மட்டும்: வெளிறிய தோலும் செம்மஞ்சள் சதையுமாக, கர்லாக்கட்டை போலிருக்கும். தாவரவியலார் இதை ஒருவகைச் சதைக்கனி என்பர். சமையலறை அதைக் கண்டுகொள்வதில்லை, நாமும் கண்டுகொள்ள வேண்டாம்.

பட்டர்நட்டும் நம் பரங்கிக்காயும் குகுர்பிட்டா மொஸ்காட்டா என்ற ஒரே இனம். ஆகவே தமிழ்நாட்டு வாசகர் பரங்கியை வைத்தே இந்த ஆய்வைச் சரிபார்க்கலாம். நம் சந்தையில் பரங்கியைக் கீற்றாக வெட்டித்தான் விற்கிறார்கள். வீட்டுக்கு வருமுன்பே பாதி வேலை கடைக்காரர் தலையில் விழுந்தாயிற்று. கோட்பாட்டுக்கு உள்நாட்டுச் சான்று இதுவே.

அடுத்து வரலாறு. காட்டுப் பூசணிகள் பொறுக்க முடியாத கசப்பு. அந்தக் கசப்புக்குச் சிறு விலங்குகள் அஞ்சின. யானையின் தூரத்து உறவான மாஸ்டடான் அஞ்சவில்லை. ஃப்ளோரிடாவில் கிடைத்த மாஸ்டடான் சாணப் படிவுகளில் காட்டுப் பூசணி விதைகள் அகப்பட்டிருக்கின்றன. பெரிய விலங்குகளுக்குக் கசப்பை உணரும் மரபணுக்கள் குறைவு என்பதை வைத்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை விளக்கியது. பூசணியின் முதல் பெருந்தீனிக்காரர் காயைத் தோலோடும் விதையோடும் விழுங்கினார் என்பது இதனால் பெறப்படும். முன்னோடி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மெக்சிகோவின் வாஹாக்கா மாநிலத்திலுள்ள கிலா நாகிட்ஸ் குகையில் சுமார் 10,000 ஆண்டுக்கு முந்தைய வளர்ப்புப் பூசணி விதைகள் கிடைத்துள்ளன. அன்றைய மனிதன் சதையைவிட விதைக்கும் ஓட்டுக்குமே ஆசைப்பட்டிருப்பான். சதை இனித்ததெல்லாம் பிற்காலச் சங்கதி. மூதாதையின் கசப்பு இன்றும் அபூர்வமாகத் தலைகாட்டுவதுண்டு. வாங்கிய பூசணி கசந்தால் அதில் நச்சுப்பொருள் மிகுந்திருக்கிறது என்று பொருள். ஜாதிக்காயும் சர்க்கரையும் போட்டுச் சரிக்கட்டப் பார்க்காமல் குப்பையில் கொட்டிவிட வேண்டும். இக்கட்டுரையில் விளையாட்டுக்காகச் சொல்லாத வரி இது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் மாசசூசெட்ஸின் மார்பிள்ஹெட் ஊர் விதை வணிகர் ஜேம்ஸ் கிரகரி ஹப்பர்ட் பூசணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ருசியில் குறையில்லை. ஆனால் ஓடு பாறை. அதை உடைக்கக் கோடரி எடுத்தவர்கள் உண்டு. தரையில் போட்டு உடைத்தவர்களும் உண்டு. பாத்திரம் எடுக்குமுன் பட்டறைக்குப் போகவேண்டிய காய் நெடுநாள் ஆளமுடியாது. 1940களில் அதே மாநிலத்தின் ஸ்டோ என்ற ஊரில் சார்லஸ் லெகெட் என்பவர், ஒரு கையில் பிடித்து மறுகையால் வெட்டக்கூடிய பட்டர்நட்டை உருவாக்கினார் என்று அவர் மனைவி சொன்னார். வால்தம் ஊர் ஆய்வுநிலையத்தின் ராபர்ட் யங் செம்மைப்படுத்திய 'வால்தம் பட்டர்நட்' 1970-இல் அகில அமெரிக்க விதைத் தேர்வுப் பரிசு பெற்றது. பெருமை லெகெட்டுக்கா யங்குக்கா என்பதில் நமக்கு வழக்கில்லை. உடைக்கும் வேலை சமையலறையிலிருந்து விதை வளர்ப்பவரின் வயலுக்கு மாற்றப்பட்டது என்பதே நமக்கு வேண்டியது.

சேமிப்பிலும் இதே கதை. பறித்த உடனே பட்டர்நட் சப்பென்றிருக்கும். 10 முதல் 15 டிகிரி செல்சியஸில் சில வாரம் சும்மா கிடந்தால் அதன் மாவுச்சத்து மெல்லச் சர்க்கரையாக மாறும். ஃபிரிட்ஜில் வைத்தால் குளிரில் காய் நோகும். வீட்டுக்காரர் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததையே ஒழுங்காகச் செய்யவேண்டும்.

"பச்சையாகவே தோல் சீவி, துண்டு போட்டு, வேகவைக்கலாமே" என்பார் பூர்வபட்சக்காரர். அவருக்குக் கையாலேயே பதில் கிடைக்கும். பச்சைப் பட்டர்நட்டைச் சீவினால் வெட்டிய இடத்தில் ஒரு பால் கசியும். அது சிலர் கையில் காய்ந்து, பசை தடவியதுபோல் இறுக்கிப் பிடித்து, பிறகு தோல் உரியத் தொடங்கும். மருத்துவர்கள் இதைத் தோல் அழற்சியில் ஒருவகை என்பர். பூசணிக்குத் தோல் சீவப் போனவரின் தோலைப் பூசணி சீவிவிடுகிறது. இதைவிடத் தெளிவான ஆய்வுமுடிவு எந்தத் துறையிலும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இனி செய்முறை. ஒன்றரைக் கிலோ பட்டர்நட்டை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, விதையைக் கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். வெட்டு முகத்தில் எண்ணெயும் உப்பும் தடவி, 200 டிகிரி சூட்டில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஓவனுக்குள். பக்கத்திலேயே ஒரு பெரிய வெங்காயம் பாதியாக, ஒரு முழுப் பூண்டு தலை சீவாமல், ஓர் ஆப்பிள். உள்ளே போன பிறகு எவரும் எதுவும் செய்யலாகாது. கத்தி தண்ணீரில் இறங்குவதுபோல் சதையில் இறங்கினால் பதம். தோல் தானே சுருங்கித் தளர்ந்து நிற்கும்; சதையைக் கரண்டியால் அள்ளினால் தோல் கிண்ணமாக மிஞ்சும். அத்தனை காலம் மனிதனை மிரட்டிய தோல் அது.

இங்கே அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிகிறார்கள். குப்புறக் கட்சியார் வெட்டு முகம் தட்டில் படியும்படி வைப்பர்: ஆவி உள்ளேயே சுற்றிச் சதை சீக்கிரம் வேகும், தட்டைத் தொடும் விளிம்பு மட்டும் பழுப்பேறும். மல்லாக்கக் கட்சியார் முகத்தை மேலே காட்டி வைப்பர்: நீர் பறந்து இனிப்புச் செறியும், ஆனால் மேல்பக்கம் தோல்போல் வறளும். தோலைத் தவிர்க்கப் புறப்பட்டவர்கள் புதிதாக ஒரு தோலை உண்டாக்குவதை இக்கட்டுரை ஏற்காது. ஆகவே குப்புற என்க.

மூன்றாவதாக ஒரு பள்ளி உண்டு. குக்கர் பள்ளி. அதன் முதல்வர் பாஸ்டன் புறநகரில் மகன் வீட்டுக்கு வந்திருக்கும் என் அத்தை. "எதுக்குடா ஒரு மணி நேரம் கரண்ட்டைக் கொளுத்துற? நறுக்கிக் குக்கர்ல போட்டா ரெண்டு விசில்."

"அத்தை, குக்கருக்குள்ள 120 டிகிரிதான் ஏறும். அதுவும் ஈரம். பழுப்பேறுற வாசனை வரணும்னா 140-க்கு மேல வேணும், காய்ஞ்ச சூடு."

"கருகினதுக்கு வாசனைன்னு பேரா? நல்லாருக்குடா உன் படிப்பு."

நேர்மையான ஆய்வாளர் இதைப் பதிவுசெய்ய வேண்டும்: குக்கரில் வெந்ததும் நன்றாகவே இருந்தது. ஆனால் அது கூட்டுக்குப் போகும் வழியில் இடையில் நிறுத்தப்பட்ட ஏதோ ஒன்றாக இருந்தது. சர்க்கரையும் புரதமும் உலர்சூட்டில் கூடிப் பழுப்பாகும் அந்த மணம் இல்லை. தவிர, நறுக்கிப் போட்டவர் அத்தை. அந்தத் தரவை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது பின்னால் தெரியும்.

அடுத்து அரைத்தல். பல்லின் வேலையை இயந்திரத்தின் தலையில் கட்டும் கட்டம். சுட்ட சதை, வெங்காயம், பிதுக்கிய பூண்டு, ஆப்பிள் எல்லாவற்றையும் ஒரு லிட்டர் காய்கறிச் சாற்றோடு கொதிக்கவிட்டு அரைக்க வேண்டும். மூடிய மிக்ஸியில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கி எறியும், கூரையும் செம்மஞ்சளாகும். பாதி ஜாருக்கு மேல் ஊற்றாமல், மூடியின் நடுத்துளையைத் திறந்து, மேலே துணி போட்டு ஓட்டவேண்டும். இந்தக் கவலையையும் இன்னொருவர் தலையில் கட்ட வழியுண்டு. ரோஜர் பெரின்ஜாக்கே என்பவர் 1950-இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்ற கைப்பிடி மிக்ஸியைப் பானைக்குள்ளேயே விட்டுச் சுழற்றலாம். கழுவும் ஜாரும் ஒன்று மிச்சம்.

இப்போது கிரீம். சூப்பின் வழவழப்பு கிரீமால் வருகிறது என்பது பரவலான மூடநம்பிக்கை. வெந்த செல்சுவரின் பெக்டினும் மாவுச்சத்தும் அரைபட்டதும் கிரீம் இல்லாமலே குழைந்து நிற்கும். நம்பாதவர் கிரீம் விடுமுன் ஒரு கரண்டி எடுத்துப் பார்க்கலாம். பின் எதற்குக் கிரீம்? கொழுப்புக்கு. பூசணியின் நிறம் தரும் பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். அதற்கு முன்னால் தடவிய எண்ணெயே போதும் என்று யாராவது சொன்னால், ஆமென்று தலையாட்டிவிட்டுக் கால் கப் கிரீமை ஊற்றுக. அடுப்பை அணைத்த பிறகு ஊற்ற வேண்டும். 36 சதவீதக் கொழுப்புள்ள கெட்டிக் கிரீம் எளிதில் திரியாது. வெறும் பால், ஆப்பிளின் புளிப்பைக் கண்டு திரிந்துபோகக்கூடும். கடைசியில் உப்பு, மிளகு, துளி ஜாதிக்காய், வெண்ணெயில் பொரித்த நாலு சேஜ் இலை.

இந்தக் கோட்பாட்டுக்கு ஒரு கொடிய பக்கமும் உண்டு; அதை மறைத்தால் ஆய்வு பொய்யாகும். ஹெய்டி நாட்டில் 'ஜூமு' என்றொரு பூசணி சூப். சுட்டுச் செய்வதில்லை, இறைச்சியும் காய்களும் சேர்த்துக் கொதிக்கவைப்பது. பிரெஞ்சு ஆட்சியில் அடிமைகள் அதைச் சமைத்தார்கள், முதலாளிகள் குடித்தார்கள். சமைத்தவர்களுக்கு அதில் உரிமையில்லை. 1804 ஜனவரி 1 அன்று நாடு விடுதலை பெற்றது. அன்றுமுதல் ஒவ்வோர் ஆண்டும் புத்தாண்டுக் காலையில் எல்லா வீட்டிலும் அதே சூப். 2021-இல் யுனெஸ்கோ அதை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வேலையை ஓவன் தலையில் கட்டலாம், காலத்தின் தலையில் கட்டலாம். மனிதர் தலையில் கட்டியபோது என்ன ஆயிற்று என்பது அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது.

டப்பாப் பூசணியைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் கடைகளில் 'பம்ப்கின்' என்ற பெயரில் விற்கும் டப்பா விழுதில் பெரும்பாலும் இருப்பது டிக்கின்சன் வகை. அது மொஸ்காட்டா இனம், அதாவது பட்டர்நட்டின் பங்காளி. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமும் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. டப்பாவைத் திறப்பது தோல் சீவாமையின் உச்சநிலை என்றாலும், சுட்ட மணம் அதில் இல்லை. சோம்பலுக்கும் ஒரு தரம் வேண்டும்.

எஞ்சியிருப்பது விதை. ஆஸ்திரியாவின் ஸ்டீரியா பகுதியில் நூறாண்டுக்கும் முன்பு இயற்கைத் திடீர்மாற்றத்தால் ஒரு பூசணி, விதைக்கு மேலோடு இல்லாமல் காய்க்கத் தொடங்கியது. அதன் கரும்பச்சை எண்ணெயைப் பூசணி சூப்பின்மேல் வட்டமாக விட்டுக் குடிப்பார்கள் அவ்வூரார். அங்கே தாவரமே இறங்கிவந்து தோலை உரித்துக் கொடுத்துவிட்டது. பட்டர்நட் விதைக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. மேலோட்டோடு வறுத்து மெல்லலாம், அல்லது வீசலாம். வீசப் போன விதைகளை அத்தை பறித்துக்கொண்டார். கழுவி ஜன்னலோரம் காயவைத்து, மறுநாள் சீரியல் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்து உரித்தார்.

"இதெல்லாம் ஒரு வேலையாடா? கை பாட்டுக்கு உரிக்கும், கண் பாட்டுக்குப் பார்க்கும்."

விரும்பித் தோல் உரிக்கும் மனிதர் ஒருவர் இருப்பது கோட்பாட்டையே சாய்க்கக்கூடிய எதிர்ச்சான்று. சற்று நேரம் ஆய்வாளர் கலங்கினார். பிறகு அத்தை உரித்த பருப்பையெல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டு அவர் கையில் கொடுத்தார். அவர் அதைச் சூப்பில் தூவிக்கொண்டார்.