காசில் மீட்டும் கிடார்

கேள்வி: கோடி கோடியாகச் சம்பாதித்தும், குயின் இசைக்குழுவின் பிரையன் மே தன் பழைய கிடாரை விடவில்லையே, ஏன்?

பதில்: அப்பாவோடு சேர்ந்து கைப்படச் செய்ததை யார் விடுவார்? நல்ல கிடார் வாங்க வசதியில்லாமல் 1963-ல் வீட்டிலேயே தொடங்கிய வேலை அது. கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம். உள்ளே மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வால்வு ஸ்பிரிங் இரண்டு. சுருதியை ஆட்டும் கைப்பிடியின் நுனியில் ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் முனை! கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் மூன்றும் பர்ன்ஸ் கம்பெனியில் வாங்கியவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச், அதனால் குழைவும் உண்டு, கிறீச்சிடலும் உண்டு. மீட்டுவதோ ஆறு பென்ஸ் காசால். அதன் ரம்ப விளிம்பு கம்பியில் உரசும் அந்தக் கரகரப்பு எந்த பிளாஸ்டிக் பிக்கிலும் வராது. 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரைமேல் முழங்கியதும் இந்தக் கிடார்தான்.