பதின்மூன்றாம் நம்பர் புத்தம் புதிது

மட்டக்களப்புக் கரடியனாற்றில் போன கிழமை, லேண்ட்மாஸ்டர் என்று நாம் சொல்லும் கை உழவு மெசின் ஒன்றின் நட்டைக் கழற்றப் போன 14ஆம் நம்பர் ஸ்பேனர், முதல் நெம்பிலேயே வாய் பிளந்தது. நட்டின் ஆறு மூலையும் மழுங்கிப்போயின. ஸ்பேனரின் முதுகில் ‘ஜேர்மன்’ என்று கொட்டை எழுத்தில் பொறித்திருந்தது. அதற்குக் கீழே, கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற அளவில், ‘டெக்னோலொஜி’ என்று இருந்தது. வயல்காரர் அதை வரம்பில் எறிந்தார். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. “இது ஜேர்மன் சாமான் இல்லகா. ஒரிஜினல் ஜேர்மன் எண்டா நட்டுத்தான் உடையும், ஸ்பேனர் உடையாது” என்றார் வரம்பில் நின்ற ஒருவர். “நீ அமெரிக்கன் சாமான் புடிச்சுப் பாக்கல்ல மச்சான், அதுதான் இப்பிடிக் கதைக்கிறாய்” என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் அந்த இரண்டு சாமானையும் கையால் தொட்டவர்கள் அல்ல என்பது ஊருக்கே தெரியும். வெயில் ஏறியது, உழவு நின்றது. வேறொரு ஸ்பேனர் தேடிப் போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. இதை எழுதுபவரும் அங்கேதான் நின்றார். அவருக்கு இன்னும் எரிச்சல் ஆறவில்லை. வேலை கெட்டதற்காக அல்ல, அத்தனை நேரமும் வாய் திறக்க அவருக்கு இடம் கிடைக்கவில்லை என்பதற்காக. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதித் தீர்க்கிறார்.

ஜேர்மன் கட்சிக்கு ஊரில் ஆள் அதிகம். செங்கலடியில் திரும்பி, பதுளை வீதியில் இலுப்படிச்சேனை தாண்டிக் கரடியனாறு வரும்வரை எந்தக் கடையில் தேத்தண்ணி குடித்தாலும், ஜேர்மனியில் சொந்தக்காரர் உள்ள ஒருவர் பக்கத்து வாங்கில் இருப்பார். அந்தச் சொந்தக்காரர் கருவிகளுக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறார் என்பதும் உண்மை. ஈழத் தமிழர் நிறையப் பேர் வாழும் நோர்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில்தான் வூப்பர்டாலும் ரெம்ஷைடும் இருக்கின்றன. கொலோனிலிருந்து ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கு ரயிலில் போகிறவர் வூப்பர்டால் வழியாகப் போகலாம். பக்கத்து ஊர் ரெம்ஷைட். ஓடைத் தண்ணீரில் சம்மட்டி ஓட்டிய கொல்லர்களின் மலைப்பிரதேசம் அது. ஸ்டால்வில்லே 1862இல், ஹாசெட் 1868இல், க்னிபெக்ஸ் 1882இல், கெடோர் 1919இல் என்று எல்லாம் அந்த இரண்டு ஊர்களில் முளைத்தவை.

இதையெல்லாம் சொன்னால் ஜேர்மன் கட்சி நெஞ்சை நிமிர்த்தும். 1876ஆம் ஆண்டைச் சொன்னால் நிமிர்த்தாது. அந்த ஆண்டு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே போன ஃப்ரான்ஸ் ரூலோ என்ற ஜேர்மன் பொறியியல் பேராசிரியர், தன் நாட்டுச் சாமான்களைப் பார்த்துவிட்டு, மலிவு, மோசம் என்று ஊருக்கு எழுதினார். இன்று சைனா சாமானைப் பற்றி நாம் சொல்லும் அதே தீர்ப்பு, ஜேர்மன் சாமானுக்கு, ஜேர்மன்காரர் வாயால், அதுவும் அமெரிக்க மண்ணில் வைத்து! ஸோலிங்கன் ஊர்க் கத்திகளில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் முத்திரையைக் குத்தி விற்ற பிழைப்பும் அப்போது நடந்தது. பொறுக்க முடியாத பிரித்தானியா 1887இல் சட்டம் போட்டு, வெளிநாட்டுச் சாமானில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. ‘ஜேர்மனியில் தயாரானது’ என்ற எழுத்து வாங்குபவரை எச்சரிக்கத்தான் வந்தது. கொஞ்ச வருடத்தில் ஜேர்மன்காரர் சாமானைத் திருத்திக்கொண்டார்கள், எச்சரிக்கை விளம்பரமாகிவிட்டது.

ஒரு போடியார் வீட்டில் துணியில் சுற்றி, தேங்காயெண்ணெய் தடவி வைத்த கெடோர் ஸ்பேனர் ஒன்று உண்டு. தகப்பன் காலத்து ஒரிஜினல் ஜேர்மன் என்று சொல்லி, கலியாணத்துக்கு வந்தவர்களுக்கும் காட்டுவார். பிடியின் ஒரு பக்கத்தில் கெடோர் என்றிருக்கும். மறுபக்கம் அவர் திருப்பிக் காட்டுவதில்லை. அங்கே இந்தியா என்றிருக்கிறது. டெல்லிக்குப் பக்கத்து ஃபரிதாபாத்தில் அந்தப் பெயரில் ஸ்பேனர் அடித்த காலம் ஒன்று இருந்தது. நல்ல ஸ்பேனர், இன்றைக்கும் வழுக்காது. அதைச் சொன்னால் போடியார் சந்தோஷப்பட மாட்டார்.

அமெரிக்கக் கட்சி சிறியது, சத்தம் பெரியது. அவர்களின் தெய்வம் ஸ்னாப்-ஓன். 1920இல் ஜோசப் ஜோன்சனும் வில்லியம் சைட்மனும் ஐந்து பிடியையும் பத்து சொக்கெட்டையும் ஒன்றோடொன்று மாட்டினால் ஐம்பது ஸ்பேனரின் வேலை நடக்கும் என்று கண்டு தொடங்கிய கம்பனி. நட்டின் மூலையைக் கடிக்காமல் பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும் சொக்கெட் வாயை 1960களில் பெயர்பெறச் செய்ததும் அவர்கள்தான். நட்டு மழுங்காமல் இருக்க மனிதர் செய்த உபகாரங்களில் அது பெரியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்களுடைய ராட்செட் ஒன்று நூறு டொலரைத் தாண்டும். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் முப்பதாயிரம். 2025இல் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு வைத்த விலை கிலோ 120 ரூபாய். ஆக, ஒரு ராட்செட்டுக்கு 250 கிலோ நெல். சொக்கெட் தனிக் காசு.

விலையைச் சொன்னால் ஆயுட்கால உத்தரவாதத்தைச் சொல்வார்கள். உடைந்தால், கம்பனியின் வான் கராஜ் வாசலுக்கே வந்து மாற்றித் தருமாம். வரும், கம்பனி இருக்கும் விஸ்கொன்சினில். கரடியனாற்றுக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் ஒரே வாகனம் பாண் ஓட்டோ. அது போடும் பாட்டு பேத்தோவனுடையது. அவர் பிறந்த பொன் நகரம் ரெம்ஷைடிலிருந்து அதிக தூரமில்லை. இந்த ஊருக்கு ஒழுங்காக வந்து சேரும் ஒரே ஒரிஜினல் ஜேர்மன் சாமான் அதுதான், அதுவும் சைனா ஸ்பீக்கர் வழியாக.

இன்னொரு அமெரிக்கப் பெயர் கிராஃப்ட்ஸ்மன். 1927இல் சியர்ஸ் கடைக்காரர் தொடங்கி, வாழ்நாள் முழுக்க மாற்றித் தருவோம் என்று விற்றது. அந்தக் கடையில் வேலை செய்த பீற்றர் ரொபர்ட்ஸ் என்ற பதினெட்டு வயதுப் பொடியன், விரலால் அழுத்தினால் சொக்கெட் கழன்று விழும் ராட்செட் ஒன்றை 1963இல் கண்டுபிடித்தான். பெரிய பெறுமதி இல்லாத விஷயம் என்று சொல்லிப் பத்தாயிரம் டொலரில் காரியத்தை முடித்தார்கள். அவன் வழக்குப் போட்டு, கிழவனாகும் அளவுக்கு இழுபட்டு, 1989இல் 82 இலட்சம் டொலர் வாங்கினான். கிராஃப்ட்ஸ்மன் பெயர் 2017இல் கைமாறியது. பூட்டுக் குறட்டின் கதையும் அப்படித்தான் முடிந்தது: நெப்ராஸ்காவின் டி விட் என்ற சின்ன ஊரில் வில்லியம் பீற்றர்சன் என்ற கொல்லர் 1924இல் காப்புரிமை எடுத்தார். அந்த ஊர்த் தொழிற்சாலையை 2008இல் மூடிவிட்டுச் சைனாவுக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்கன் சாமான் என்று வரம்பில் நின்று சத்தியம் செய்தவர் இதைக் கேட்டிருக்க வேண்டும். எழுதுபவருக்கு அப்போது இடம் கிடைக்கவில்லை.

சரி, தரத்துக்கு வருவோம். எது திறம், ஜேர்மனா அமெரிக்கனா? அதற்கு முன் 13ஆம் நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை.

வெளிநாட்டிலிருந்து வந்த எந்த ஜேர்மன் செட்டைத் திறந்து பார்த்தாலும் 13ஆம் நம்பர் புத்தம் புதிதாக இருக்கும். 12 இருக்காது. 14 இருக்காது. 10 எப்போதோ போயிருக்கும். 13 மட்டும் குரோம் பளபளக்க, முகம் பார்த்துச் சவரம் செய்யும் அளவுக்குச் சுத்தமாகக் கிடக்கும். காரணம் எளிது. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஜேர்மன்காரர் 13 அளவில் தலை வைப்பார். ஹொண்டா மோட்டார் சைக்கிளும் டொயோட்டா வானும் செய்யும் ஜப்பான்காரர் அதே போல்ட்டுக்கு 12 வைப்பார். பத்து மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஜேர்மனியில் 17, பிறகு 16. ஜப்பானில் 14. கரடியனாற்றில் ஓடுவதில் பெரும்பங்கு ஜப்பான். ஆகவே 12உம் 14உம் ஊரெல்லாம் சுற்றுகின்றன, 13 வீட்டோடு இருக்கிறது. அதை இரவல் கேட்டு யாரும் வருவதில்லை. கேட்டு வருபவர் “பன்னிரண்டு இரிக்கா?” என்பார். இல்லை, 13 இருக்கிறது என்றால், நாம் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது போல் பார்ப்பார். சிலர் 13இன் வாய்க்குள் தகரத் துண்டு செருகி 12 ஆக்கப் பார்ப்பார்கள். நட்டு போய்விடும், 13 அப்போதும் புதிதாகவே இருக்கும்.

13க்கும் ஒரு நாள் வரும். டாட்டா லொறி ஒன்று பதுளை வீதியில் நின்றுபோனால் அது வரும். டாட்டா 1954இல் டைம்லர்-பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து லொறி செய்யத் தொடங்கியது, ஜேர்மன் அளவுகள் அந்த வழியாக வந்தவை. அன்றைக்கு 13 வைத்திருப்பவர் வீதிக்கு ராஜா. ஆனால் அன்றைக்குப் பார்த்து அவர் மட்டக்களப்புக்குப் போயிருப்பார்.

அமெரிக்க செட்டின் கதை வேறு, அது அங்குலம் பேசும். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர், 12க்குப் பெரிது, 13க்குச் சிறிது. ஒன்பது பதினாறு என்றால் 14.29. இது 14இல் ஏறும், ஏறிப் பிடித்தது போலவும் காட்டும், நெம்பும்போது நட்டை உருட்டிவிடும். நட்டு உருண்டால் பழி சைனாவுக்கு. முக்கால் அங்குலம் மட்டும் 19.05, 19க்குச் சமாளிக்கும். இங்கே அந்த அங்குல செட்டுக்கு உண்மையான வேலை பழைய மெசி 35, 135 டிரக்டர்களில் இருக்கிறது. அவை கொவென்ட்ரியில் பிறந்தவை, நட்டும் அங்குலம். அமெரிக்கன் ஸ்பேனர் வெள்ளைக்கார டிரக்டருக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறது.

தரம், ஆம். தரத்தைச் சோதிக்க ஊரில் ஒரே முறைதான்: பைப் போடுவது. பிடியில் இரண்டடிக் குழாயைச் செருகி ஒருவர் தொங்குவார். 50 கிலோ மனிதர் 60 சென்டிமீட்டர் நீளத்தில் தொங்கினால் கிட்டத்தட்ட 300 நியூட்டன் மீட்டர் முறுக்கு. சாதாரணமாக வரும் 8.8 தரத்துப் பத்து மில்லிமீட்டர் போல்ட்டை இறுக்கச் சொல்வது 50 சொச்சம். ஆறு மடங்கு. ரெம்ஷைடும் விஸ்கொன்சினும் சேர்ந்து அடித்த ஸ்பேனரும் இதற்கு நிற்காது. ஸ்பேனர் நின்றால் போல்ட் நிற்காது. துருவுக்கு எண்ணெய் விட்டு ஒரு இரவு விடலாமே என்று சொன்னால், “அதுக்கெல்லாம் எங்க மனே நேரம்” என்பார்கள். கட்சிப் பேச்சுக்கு மட்டும் அரை நாள் இருக்கிறது.

முதல் லேண்ட்மாஸ்டரைச் செய்தவரே பின்னாளில் அதைப் பற்றிச் சந்தேகப்பட்டார் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 1950களில் அதை வடிவமைத்தவர் நம் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. இங்கிலாந்தில் தயாராகி, பல நாடுகளுக்கும் போனது. எருமை கன்று போடும், எரு போடும், மெசின் இரண்டும் போடாது என்ற பக்கம் அவர் பிற்காலத்தில் சாய்ந்துவிட்டார். எருமைக்கு 14ஆம் நம்பரும் தேவையில்லை.

ஆகவே ஆடி, ஆவணி விடுமுறைக்கு ஊர் வரும் உறவுகளிடம் ஒரு விண்ணப்பம். ஜேர்மனியிலிருந்து வருபவர்கள் முழு செட் தூக்க வேண்டாம். 10, 12, 14, 17 ஆகிய நாலையும் இரண்டிரண்டாகக் கொண்டு வாருங்கள், ரிங் ஸ்பேனராக இருந்தால் நல்லது. 13ஐ அங்கேயே விட்டுவிடுங்கள், இங்கே இருப்பதே போதும். அமெரிக்காவிலிருந்து வருபவர்கள், வீட்டில் பழைய மெசி நிற்கிறதா என்று கேட்டுவிட்டுப் பெட்டி கட்டுங்கள். நிற்காவிட்டால் சொக்லேட் கொண்டு வரலாம்.