ரப்பர் வைத்தியம்

1999 தை மாதம் கும்பகோணத்தில் டி.டி.பி. சென்டர் வைத்தேன். வட்டிக்கு வாங்கிய 38,000 ரூபாயில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்: செலரான் 333, 32 எம்.பி. ராம், 4.3 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், உள்ளே விண்டோஸ் 98. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு வளைகாப்பு வீடியோவுக்கு அந்த ராம் காணாது. அன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தோம்.

திருஷ்டி கழியவில்லை. இரண்டாம் வாரமே திரையில் ஒரு பெட்டி எழும்பியது. இந்த ப்ரோகிராம் ‘சட்டவிரோதமான’ காரியம் செய்துவிட்டது, ஆகவே மூடப்படும் என்று ஆங்கிலத்தில் அறிவித்தது. அப்பா அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “டேய், அந்த சி.டி.யை எங்கேடா வாங்கினே?” என்றார். ஐம்பது ரூபாய்க்கு வாங்கியது. மேலே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருக்கும். அன்றிரவே அது பீரோவுக்குள், அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் போய்விட்டது.

ஆவணி முகூர்த்த நேரம். பாத்திரக்கடைக்காரர் ஒருவர், மாப்பிள்ளையே நேரில் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து தன் பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் போய் வந்தது. முறைப்படி மூடாமல் நிறுத்திவிட்டாய் என்று ஸ்கேன்டிஸ்க் என்னைக் கண்டித்தது. மூடியது நானா என்ன? கண்டித்து முடித்து டெஸ்க்டாப் வந்தபோது, ஒரு ஐகானும் அதனதன் முகத்தோடு இல்லை. பாதி வெள்ளைத் தாள், பாதி கறுப்புச் சதுரம். திருவிழாக் கடைத்தெருவில் எல்லாப் பெயர்ப்பலகைக்கும் ராவோடு ராவாக வெள்ளையடித்த மாதிரி. பத்திரிகை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் ப்ரோகிராமே போய்விட்டது என்று நினைத்தேன். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்து, “முகூர்த்தத்துக்குள்ள வந்துடும்ல?” என்றார்.

சர்வீஸ் தம்பி டி.வி.எஸ். 50-இல் வந்தான். “ப்ரோகிராம் எங்கயும் போகலண்ணே. படம்தான் போச்சு.” ஒவ்வொரு முறையும் புதிதாக வரைய நேரமாகும் என்று விண்டோஸ் எல்லா ஐகான் படங்களையும் ஷெல்ஐகான்கேஷ் என்ற ஒற்றை ஃபைலில் ஒளித்து வைத்திருக்கும். அது கெட்டால் எல்லா முகமும் கெடும். எஃப் 8-ஐ அழுத்தி சேஃப் மோடில் நுழைந்தான். திரையின் நாலு மூலையிலும் அந்தப் பெயர் எழுதியிருக்க, ஐகான்களெல்லாம் கொழுக்கட்டை பருமனில் நின்றன. அந்த ஃபைலை அழித்து ரீஸ்டார்ட் செய்தான். எல்லாம் தத்தம் முகத்தோடு திரும்பி வந்தன. 150 ரூபாய். அழிப்பதற்குக் கூலி வாங்கிய முதல் ஆளை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த முறை தம்பி வந்தபோது கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை, கூவிக்கொண்டிருந்தது. தம்பி பெட்டியைத் திறந்து, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, ராமைப் பிடுங்கினான். சட்டைப்பையிலிருந்து பள்ளிக்கூட ரப்பர் ஒன்றை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களை நிதானமாகத் தேய்த்து, டக்கென்று திரும்பச் செருகினான். கூவல் நின்றது. காவிரிக்கரைக் காற்றின் ஈரத்துக்கும் என் கடைத் தூசிக்கும் இதைவிட நல்ல மருந்தை நான் அறியேன். அதன் பிறகு தம்பியைக் கூப்பிடவில்லை; இரண்டு ரூபாய்க்கு ரப்பர் வாங்கிவிட்டேன்.

மிச்ச நோய்களெல்லாம் நானே வரவழைத்தவை. கிடைத்த ஃபாண்ட் எல்லாம் ஏற்றி வைத்தால் எந்த வயிறு தாங்கும்? விண்டோஸ் அடியோடு சாயும்போது வரும் நீலத்திரையைக் கண்டு முன்போல் கலங்கவில்லை. 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, ஸ்கேனரைச் செருகியதும் இதே நீலம் வந்ததாமே. அவருக்குக் கைதட்டல் கிடைத்தது. இன்னொன்றும் சொல்வார்கள்: விண்டோஸ் 98 நிறுத்தாமல் 49.7 நாள் ஓடினால், உள்ளே மில்லிசெகண்டு எண்ணும் கணக்கு நிரம்பி அப்படியே உறைந்துவிடும் என்று. எங்கள் தெருக் கரண்டின் புண்ணியத்தில் அந்த ஆபத்து எனக்கு நேர்ந்ததில்லை.

இப்போது லேப்டாப். போன வருடம் ஒரு காலை அதில் ஐகான் ஒன்றுகூட இல்லை. பழக்க தோஷம், ரப்பரோடு உட்கார்ந்தேன். அடியில் நட்சத்திர வடிவ ஸ்க்ரூ. என்னிடம் இருந்த எந்த ஸ்க்ரூடிரைவரும் பொருந்தவில்லை. ராமை போர்டோடு சால்டர் செய்திருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். சென்னையிலிருந்து மகள் வீடியோவில், “அப்பா, ரைட் கிளிக் பண்ணுங்க. வியூ. ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ். டிக் போடுங்க” என்றாள். போட்டேன். வந்தன. முழங்கை பட்டு நானே எடுத்த டிக்காம். நோயும் இல்லை, வைத்தியமும் இல்லை. நீலத்திரையும் 2012-இல் சோகமுகம் காட்டி மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொண்டு, 2025-இல் கறுப்பாகிவிட்டது. எந்த ப்ரோகிராமும் சட்டவிரோதமாக எதையும் செய்ததாக இப்போது யாரும் சொல்வதில்லை.

ஐப்பசியில் அந்தப் பாத்திரக்கடைக்காரர் வந்தார். மகளுக்குக் கல்யாணமாம். “எங்க பத்திரிகை மாதிரியே வேணும்ணே. அதே எழுத்து.” அதே எழுத்து என்றால் அது யூனிகோடுக்கு முந்தைய ஃபாண்ட். அது இல்லாமல் லேப்டாப்பில் திறந்தால் முகூர்த்த நேரம் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாக உளறும்.

பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினோம். கூவியது. ரப்பர். டக். பேட்டரி செத்துத் தேதி 1980 ஜனவரி 1-ஐக் காட்டியதே தவிர, ஐகான் அத்தனையும் முகம் மாறாமல் இருந்தன. பேஜ்மேக்கர் திறந்தது. பத்திரிகையும்.

வெளியே எடுக்கத்தான் வழி தெரியவில்லை. பென்டிரைவைச் செருகினால் டிரைவர் கேட்டது. அந்த டிரைவருக்கு இன்று எங்கே போவது? ஃப்ளாப்பி எழுதும், ஆனால் லேப்டாப்பில் ஃப்ளாப்பிக்கு வாய் இல்லை. லேசர் பிரின்டர் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, மானிட்டர் திரையை ஃபோனில் படமெடுத்து அனுப்பினேன், எழுத்தையாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று. குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்திருந்தன, அந்தக் காலத்து மானிட்டரைப் படமெடுத்தால் அப்படித்தான் விழும்.

இரவு பதில் வந்தது. “பாப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சுண்ணே. அந்தக் கோடு எஃபெக்ட்டை மட்டும் எடுத்துடாதீங்க.”