இலையில் எத்தனை கிராம்?

பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்து முடிப்பதற்குள் புரோட்டீன் தம்பி கணக்கைத் தொடங்கிவிடுவார். "இந்த இலையை வழிச்சுச் சாப்பிட்டாலும் 20 கிராம் தேறாது ப்ரோ." எதிர்வரிசைப் பெரியவர் நகைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டு, "யார் சொன்னா? பொண்ணுக்கு 40 பவுன் போட்டிருக்காங்க" என்று கோபமாகத் திருத்தினார்.

தம்பிக்கு நானும் ப்ரோ, என் அப்பாவும் ப்ரோ. சாம்பார் வாளியோடு வருகிறவர் மட்டும் அண்ணே. காரியம் ஆக வேண்டுமே. "அண்ணே, மேலாக ஊத்தாதீங்க. பருப்பெல்லாம் அடியில தங்கியிருக்கும், ஒரு கலக்கு கலக்கி ஊத்துங்க." கூட்டு வந்தால் முகம் மலரும். உருளைக்கிழங்கு வறுவலைப் பார்த்ததும் பக்கத்து இலைக்காரருக்காகவும் சேர்த்து வருத்தப்படுவார். ரசத்தைக் கைகாட்டி நிறுத்திவிடுவார். அப்பளம் உளுந்து மாவில் செய்வது என்று யாரோ ஒரு விஷமி சொல்லிவைக்க, அன்றைக்கு அந்த வரிசையில் வேறு யாருக்கும் இரண்டாவது அப்பளம் கிடைக்கவில்லை. பாயசம் வந்தபோது "சுகர்" என்று இலையைக் கையால் மறைத்தவர், பாதாம் அல்வா வந்தபோது கையை எடுத்துவிட்டார். "பாதாம்ல 100 கிராமுக்கு 21 கிராம் இருக்கு ப்ரோ." அல்வாவில் பாதாம் எவ்வளவு, நெய்யும் சர்க்கரையும் எவ்வளவு என்ற கணக்கு மட்டும் அன்று நடக்கவில்லை.

தன் இலையோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கு என்ன? அலுவலகத்தில் மதியம் டப்பாக்கள் திறக்கும்போது தம்பி மேசையைச் சுற்றி ஒரு வலம் வருவார். தயிர்சாதத்தைப் பார்த்து, "கார்ப்." எலுமிச்சை சாதத்தையும் உருளைக்கிழங்கு பொடிமாஸையும் பார்த்து, "அக்கா, டபுள் கார்ப்." கணக்குப் பிரிவு அக்கா விடியற்காலையில் எழுந்து மூன்று பேருக்குச் சமைத்துக் கட்டிவிட்டு, மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்தவர். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் எத்தனை கிராம் இருந்தது என்று தம்பிக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து அக்கா தன் இடத்திலேயே கணினிக்குப் பின்னால் ஒளிந்து சாப்பிடுகிறார்.

டீக்கடையில் மசால்வடையைப் பிட்டு உள்ளே பருப்பு எத்தனை என்று பார்ப்பார். துக்க வீட்டில், இரண்டு நாளாகச் சாப்பிடாமல் கிடந்த மகனிடம் எல்லோரும் "ஒரு வாய் சாப்பிடுப்பா" என்று கெஞ்சிக்கொண்டிருக்க, இவர் குனிந்து, "மசில் லாஸ் ஆயிடும் ப்ரோ" என்றார். அவர் சொன்னதுதான் வேலை செய்தது என்பது வேறு விஷயம்.

வருஷத்தில் தம்பிக்குப் பிடித்த பண்டிகை நவராத்திரி. ஒன்பது நாளும் சுண்டல் அல்லவா? தெருவில் எந்த வீட்டில் கொலு, என்றைக்கு எந்தப் பயறு என்பதெல்லாம் கைப்பேசியில் இருக்கும். "கொண்டைக்கடலை 100 கிராம்னா 20 கிராம் ப்ரோ" என்று இரண்டு தொன்னை வாங்கிக்கொள்வார். அந்த 20 காய்ந்த கடலைக்கு. ஊறி, வெந்து, தண்ணீர் குடித்து எடை கூடிய சுண்டல் 100 கிராமில் 9-ஐத் தாண்டாது. இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார். மாமியிடம் மூன்றாவது தொன்னை கேட்டு நஷ்டத்தை ஈடுகட்டுவார்.

அவர் எடை 82 கிலோ. கிலோவுக்கு 2 கிராம் வீதம் நாளைக்கு 164 கிராம் உள்ளே போக வேண்டும் என்பது ஜிம் மாஸ்டர் எழுதிக்கொடுத்த கணக்கு. அதே மாஸ்டர்தான் புரோட்டீன் பவுடர் டப்பாவும் விற்கிறார். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சாதாரண ஆளுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது. அப்படிப் பார்த்தால் தம்பிக்கு 68 போதும். எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவர்களுக்குக்கூட 1.6 கிராமுக்கு மேல் போனால் கூடுதல் பலன் இல்லை என்றும், உடம்பை ஏற்ற பவுடர் வாங்கிக் குடிக்க வேண்டாம் என்றும் 2024-இல் வந்த அவர்களுடைய வழிகாட்டி சொல்கிறது. படித்துக் காட்டினேன். "அது நார்மல் ஆளுங்களுக்கு ப்ரோ" என்றார். அன்று அவர் ஜிம்முக்குப் போகவில்லை. லெக் டே. லெக் டே வந்தால் அவருக்கு எப்போதும் வைரல் ஃபீவர் வந்துவிடும்.

ஜிம்முக்குப் போகாவிட்டாலும் ஷேக் தவறாது. பால் திரிந்துபோனால் மேலே தெளிவாக நிற்குமே ஒரு தண்ணீர், அம்மா சப்பாத்தி மாவில் விட்டுப் பிசைவது, இல்லாவிட்டால் வாசலில் கொட்டுவது, அதற்குத்தான் வே என்று பெயர். வெளிநாட்டுச் சீஸ் ஆலைகளில் ஒரு காலத்தில் அதை ஆற்றில் விட்டார்கள், பன்றிக்கு வைத்தார்கள். இப்போது வடிகட்டி, உலர்த்தி, சாக்லேட் வாசனை சேர்த்துக் கறுப்பு டப்பாவில் அடைத்துத் தம்பிக்கு விற்கிறார்கள். நல்ல புரோட்டீன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஸ்கூப்பில் சுமார் 24 கிராம். நான்கு முட்டையில் இருப்பது. ஆனால் தம்பி அதைத் தண்ணீரில் கலக்க மாட்டார். கொழுப்பு நீக்காத பால், ஒரு வாழைப்பழம், இரண்டு கரண்டி வேர்க்கடலை வெண்ணெய். எல்லாம் சேர்ந்தால் 600 கலோரியைத் தாண்டும். அதை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தாலாவது நியாயம் உண்டு. மனிதர் சாப்பிட்டுவிட்டு மேலே குடிக்கிறார். உடம்பு எப்படி இறுகும்? செலவழிப்பதைவிட உள்ளே போவது அதிகமானால், அது 4000 ரூபாய் டப்பாவிலிருந்து வந்தாலும் இடுப்பில்தான் போய் உட்காரும்.

இதைக் கேட்டால், "இப்ப பல்க்கிங் ப்ரோ. அடுத்து கட்டிங். அப்ப பாருங்க" என்பார். கைப்பேசி முகப்பில் 'வாரணம் ஆயிரம்' சூர்யா சட்டையில்லாமல் நிற்கிறார். 2008-இல் அந்தப் படம் வந்தபோது தம்பி பள்ளிக்கூடப் பையன். இந்தப் பல்க்கிங் ஆரம்பித்தபோது பிறந்த பக்கத்து வீட்டுக் குழந்தை இப்போது எல்கேஜி போகிறது.

ஜிம்மிலிருந்து வெளியே வந்தால் அரை மணி நேரத்துக்குள் ஷேக் உள்ளே இறங்க வேண்டும், தவறினால் செய்த பயிற்சி வீண் என்று அவருக்கு ஒரு பயம். நாள் முழுக்க மொத்தம் எவ்வளவு சாப்பிட்டோம் என்பதுதான் முக்கியம், கடிகாரம் அவ்வளவு கறார் இல்லை என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லி வருஷங்கள் ஆகின்றன. தம்பி கேட்பதாக இல்லை. தாம்பரம் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் ஸ்கூட்டரில் இருந்தபடியே ஷேக்கரை எடுத்துக் குலுக்குவார். உள்ளே கம்பிச் சுருள் கடகடவென்று சத்தம் போடும். ஆட்டோக்காரர் எட்டிப் பார்ப்பார். அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் விற்பனை சரிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதும் அதே கடகட.

ஆனாலும் அவரை அடியோடு வெறுக்க முடியவில்லை. எங்கள் கட்டட வாட்ச்மேன் தாத்தா காலையில் டீ, பன், மதியம் டீ, பன் என்று ஓட்டிக்கொண்டிருந்தவர். அவர் தட்டையும் தம்பி விடவில்லை. "தாத்தா, வயசானா மசில் கரைஞ்சுபோகும். அப்புறம் படியேற முடியாது" என்று பெரிய சொற்பொழிவு. தாத்தா சிரித்துவிட்டுப் பன்னைத் தோய்த்தார். மறுநாள் தம்பி எதிர்க்கடையில் சொல்லிவைத்துவிட்டார். தினமும் இரண்டு அவித்த முட்டை, ஒரு பொட்டலம் வேர்க்கடலை தாத்தாவுக்குப் போய்விட வேண்டும், மாசம் பிறந்தால் காசு. நல்ல மனசு. மாசக் கடைசியில் அந்தக் காசை என்னிடம்தான் கைமாற்று வாங்குகிறார், நானும் கொடுத்துவிடுகிறேன்.

பொறுக்க முடியாதது அந்த ஷேக்கர். வெள்ளிக்கிழமை மாலை குடித்துவிட்டு, மூடியை இறுக்கித் திருகி, பான்ட்ரி தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். அடியில் ஒரு விரல்கடை பாலும் பவுடரும். சனி, ஞாயிறு ஏசி கிடையாது. திங்கட்கிழமை அந்தத் தளமே நாறுகிறது. ஒரு முறை அல்ல, வாராவாரம். சொல்லியாயிற்று, சீட்டு எழுதி ஒட்டியாயிற்று. சீட்டின் கீழே "சாரி ப்ரோ" என்று எழுதிவைத்துவிட்டு, மறுபடியும் அதையே செய்கிறார். மற்றவர் தட்டில் கிராம் கிராமாகக் கணக்குப் பார்க்கிறவருக்குத் தன் ஷேக்கரில் மிச்சம் கிடப்பது கண்ணில் படுவதில்லை.

தம்பி, உங்கள் கட்டிங், பல்க்கிங் எல்லாம் உங்கள் இஷ்டம். என் தயிர்சாதத்தைக்கூட என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். ஷேக்கரை மட்டும் குடித்த கையோடு கழுவி, மூடியைக் கழற்றி, அந்தக் கம்பிச் சுருளையும் எடுத்துக் காயவைத்துவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் திறப்பது நீங்கள் அல்ல, பான்ட்ரியில் வேலை செய்யும் அக்கா.