ஜாதகக் கட்டத்தில் நவீனம்

கேள்வி: நவீன ஓவியமே மேற்கத்தியச் சரக்குதானே? அதில் நம் அடையாளம் எங்கே?

பதில்: கே.சி.எஸ். பணிக்கரின் கேன்வாஸில் இருக்கிறது! கோவையில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வரானவர், ஐரோப்பாவையும் பார்த்தவர். ஆனால் 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் அவர் தீட்டியவை ஜாதகக் கட்டங்கள், மலையாள எழுத்தை ஒத்த வரிகள். ஜாதகத்தில் எல்லோரும் தங்கள் எதிர்காலத்தைத் தேட, அவர் ஓவியத்தின் எதிர்காலத்தைக் கண்டார். பழைய சாமி படத்தை நகலெடுத்தால் மரபாகிவிடாது. பிக்காஸோவை நகலெடுத்தால் நவீனமும் ஆகிவிடாது. 1966-இல் அவரும் மாணவர்களும் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுப் பிழைத்தபடி வரைந்தார்கள். அடுத்த முறை மகாபலிபுரம் போகும் வழியில், ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.