ஏழெனும் எண்ணின் இயல்பு: வீடியோ விளையாட்டு மதிப்பெண்கள் குறித்ததோர் ஆராய்ச்சி

வீடியோ விளையாட்டொன்றுக்குப் பத்திரிகை இடும் மதிப்பெண், அவ்விளையாட்டின் குணத்தைக் காட்டுவதோ, இட்ட பத்திரிகையின் சுபாவத்தைக் காட்டுவதோ என்னும் வினா, ஆன்றோர் பலர் ஆராய்ந்து தெளிந்துவிட்ட விஷயமேயாயினும், யாம் இன்னும் ஆராயவில்லை என்னும் வலுவான காரணத்தால், முடிவுறாததாகவே கொள்ளத்தக்கது. ஆராயப்படும் பத்திரிகைகள் நால்வகைப்படும்: அச்சில் வருவன, இணையத்தில் வருவன, மதிப்பெண்ணே இடாதன, பிறர் இட்டதைக் கூட்டி வகுப்பன.

மதிப்பெண் இடாதனவற்றை எம் அட்டவணையில் ஏற்ற வழியின்மையின், அவை இல்லாதனவாகக் கொள்ளப்பட்டன.

அச்சில் வருவனவற்றுள் ஜப்பானிய ஃபாமிட்சு முதற்கண் வைக்கத்தக்கது. 1986இல் தோன்றிய அதில், நால்வர் தனித்தனியே பத்துக்கு மதிப்பிடக் கூட்டுத்தொகை நாற்பதாகும். (நால்வர் என்றமையால் சமயகுரவர் என மயங்கற்க.) முழு நாற்பதும் பெற்ற முதல் விளையாட்டு, 1998இல் வந்த 'தி லெஜெண்ட் ஆஃப் செல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்'. பன்னீராண்டு காத்த விரதம் ஒருமுறை கலைந்தபின், நாற்பதுகள் சற்றுத் தாராளமாகவே வழங்கப்பெற்றன. இங்கிலாந்தில் 1991 முதல் 1996 வரை வாழ்ந்த அமிகா பவர், நூற்றுக்கு ஐம்பதே நடுத்தரம் எனக் கணிதத்தை நம்பி நடந்தது; அத்துர்நடத்தையைப் பின்பற்றியோர் சிலரே.

அதே நாட்டு எட்ஜ், 1994இல் 'டூம்' என்னும் துப்பாக்கி விளையாட்டுக்குப் பத்துக்கு ஏழு வழங்கிற்று. பேய் பிசாசுகளைச் சுட்டுத் தள்ளுவதே தொழிலாகிய அதில், அவற்றோடு பேசவும் நட்புப் பூணவும் கூட்டணி அமைக்கவும் இயன்றால் எத்துணைச் சுவையாயிருக்கும் என்று விமர்சகர் ஏங்கினார். அவ்வேக்கத்தை உலகம் இன்றளவும் நகைத்து வருவது, உரை காணும் பயிற்சியின்மையால் நேர்ந்த விபத்து. சாம தான பேத தண்டம் என்னும் உபாயங்கள் நான்கனுள் தண்டம் ஒன்றையே அறிந்த கதாநாயகனுக்கு இரண்டரை மதிப்பெண்ணே நியாயம், எஞ்சிய நாலரையும் கருணையால் ஈந்தவை என்பர் ஓர் உரைகாரர். அற்றன்று, ஒரு பிசாசு எறிந்தது மற்றொன்றின்மேல் பட்டால் அவை தம்முள் பொருதல் அவ்விளையாட்டில் கண்கூடாதலின், பேதமும் உளது, ஆகவே ஐந்து நியாயம், இரண்டே கருணை என மறுப்பர், கரையான் அரித்த ஏட்டின் ஓரத்தில் மட்டும் எஞ்சியிருக்கும் மற்றொருவர். அம்மறுப்பை மறுத்த நூல் முழுவதுமே கரையானுக்குப் போயிற்று. ஆயினும் அதிலிருந்து பக்க எண்ணுடன் மேற்கோள் காட்டுவோர் பல்கலைக்கழகங்களில் இன்றும் உளர்.

எட்ஜில் ஏழு கௌரவமான எண்; இணையத்திலோ அது துக்கச் செய்தி. விளம்பரம் தருவோரும் வெளியீட்டுக்கு முன்னரே பிரதி அனுப்புவோரும் விளையாட்டை விற்போரே ஆதலாலும், மோசமானவை பெரும்பாலும் விமர்சனத்துக்கே எடுக்கப்படாமையாலும், ஏழுக்குக் கீழும் எண்கள் உண்டென்பது வாசகர்க்கு மறந்துவிட்டது. மாணாக்கர் ஆய்வேட்டுக்கு 'மிகவும் பாராட்டத்தக்கது' என்பதற்குக் குறைவாக எழுதியறியாத எம் பேராசிரியப் பெருமக்களுக்கு இதில் வியப்புத் தோன்றாது. ஐஜிஎன் தளம் 2014இல் போக்கிமான் வரிசையின் 'ஒமேகா ரூபி', 'ஆல்ஃபா சஃபையர்' இரண்டுக்கும் 7.8 இட்டுக் குறைகளுள் ஒன்றாக நீர் மிகுதியைக் காட்டிற்று, குறைந்த 2.2இல் நீரின் பங்கு எவ்வளவு என்பது நிர்ணயமாகுமுன்பே, 2020இல் அத்தளம் தசமத்தைத் துறந்துவிட்டது.

கூட்டி வகுப்பனவற்றுள் தலையாயது 2001இல் தோன்றிய மெட்டாக்ரிட்டிக். அதில் திரைப்படம் 61 பெற்றால் பச்சை நிறம். விளையாட்டுக்கோ 75 பெற்றாலன்றிப் பச்சையில்லை. 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' செய்த அப்சிடியன் நிறுவனத்தார்க்கு அங்கே 85 வந்தால் ஊக்கத்தொகை என்பது ஏற்பாடு, வந்தது 84. நட்சத்திரம், பத்து, நூறு என வெவ்வேறு சம்பிரதாயத்தார் அளந்தவற்றை ஒரே படியில் கொட்டிய அவசரத்தில் சிந்திய அவ்வொன்று எப்பத்திரிகையின் வாசலில் கிடக்கிறது என்று கண்டறிய, இரண்டு ஆய்வுதவியாளரும் ஒரு குளிர்சாதன அறையும் வேண்டி யாம் விண்ணப்பித்துள்ளோம்.