சேவல் வரையத் தெரிந்தவன்

ராஜபாளையத்தில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு கடிகாரம் இருந்ததோ இல்லையோ, மில் சங்கு இருந்தது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கி வைத்தார்; அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் முளைத்து, ஊரே ஷிஃப்ட் கணக்கில் எழுந்து, ஷிஃப்ட் கணக்கில் சாப்பிட்டு, ஷிஃப்ட் பார்த்துப் பெண் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஊரில், மில் டைம் ஆபீஸ் ஒன்றில் நாற்காலியும் தலைக்கு மேல் ஓடுகிற ஃபேனும் வாய்க்கப்பெற்ற ஒருவன், பி.எஃப்., இ.எஸ்.ஐ., தீபாவளி போனஸ் அத்தனையையும் உதறிவிட்டு, “இனிமேல் போர்டு எழுதப் போறேன்” என்று 1987-இல் அறிவித்தால் என்ன ஆகும்? அம்மா அழுதாள். அப்பா பேசவில்லை. பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

பெரியப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல வாசகர், அதுதான் சிக்கல். நானும் தயாராகத்தான் இருந்தேன். கோவில்பட்டிப் பக்கம் இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி பதிவாளர் அலுவலக உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பத்திரிகை வேலைக்குச் சென்னைக்குப் போகவில்லையா, அவருக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைக்கவில்லையா என்று ஆரம்பித்தேன். “கெடைச்சுது. எப்ப? 1970-ல. அவர் செத்த பெறகு” என்றார் பெரியப்பா. சரி, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய கொண்டையராஜு கோவில்பட்டியில் உட்கார்ந்து வரைந்த சாமி படங்கள்தானே சிவகாசியில் காலண்டராக அச்சாகி எல்லார் வீட்டுப் பூஜையறையிலும் தொங்குகின்றன என்றேன். பெரியப்பா எழுந்து போய்ச் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினார். லட்சுமிக்குக் கீழே ஜவுளிக்கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது, வரைந்தவர் பெயரைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டியிருந்தது. கடைசி அஸ்திரமாக, சென்னை மாகாணத்துக்கே முதலமைச்சராக இருந்த நம்மூர் பி.எஸ். குமாரசாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர், கலையை மதிக்கிற ஊர் இது என்றேன். “அவர்ட்ட கொடுக்க வீடு இருந்துச்சுடே” என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. மறுநாள் நான் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். இருபத்து நான்கு வயதில் தர்க்கத்தில் தோற்பதற்கும் முடிவை மாற்றிக்கொள்வதற்கும் எந்தச் சம்பந்தமும் இருப்பதில்லை; அந்தப் பையனை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அவன் தலைமுடியை நினைத்தால் பொறாமையும் வருகிறது.

சுதந்திர மனிதனாக விடிந்த முதல் காலையிலேயே சங்குச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு மட்டும் இல்லை, பல வருஷம். சங்கு ஊதினால் பிரஷ்ஷைத் தண்டவாளம் மாதிரி வரிசையாகக் கழுவி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவேன். அடுத்த சங்குக்குத் திரும்ப வந்து சாக்பீஸ் தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு அடிப்பேன். மில் எனக்குச் சம்பளம் கொடுப்பதைத்தான் நிறுத்தியிருந்தது, நேரத்தை இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தது.

தொழில் பெரும்பாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். சைக்கிள் ஹாண்டில்பாரில் எனாமல் டப்பாக்களும் கேரியரில் தகரமுமாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்துக்கொண்டு போவேன். பால்கோவாக் கடை போர்டு என்றால் மூன்று சமாச்சாரம் கட்டாயம்: கோபுரம், ஆண்டாள், கிளி. நான்கடித் தகரத்தில் பதினொரு நிலையும் தெரிய வேண்டும் என்பார்கள். கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி விரல் விட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் மிச்சப் பணத்தைப் பற்றியே பேச்செடுக்க முடியும். தமிழ்நாட்டு அரசு முத்திரையில் இருப்பது எங்கள் வடபத்ரசாயி கோயில் கோபுரம்தான் என்பதில் அந்த ஊரில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. 1949-இல் அதை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ் மதுரைக்காரர், அது மீனாட்சியம்மன் கோயில் மேலக்கோபுரம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது என்று ஒரு கடையில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்தக் கடை போர்டுக்குக் கூலி வாங்க நான் அதிகப்படியாக நடந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கூலி என்றால், பாதி ரூபாயாக, பாதி பால்கோவாவாக. விறகடுப்பில் கிண்டி இறக்கியதை மந்தார இலையில் வைத்து, சூடு ஆறாமலே கையில் கொடுத்து, “மிச்சத்தை ஆடிப்பூரம் கழிச்சுப் பார்த்துக்கிடலாம் தம்பி” என்பார்கள். அந்த ஆடிப்பூரம் வருவதும் ஒரு நிதானத்தோடுதான் இருந்தது. மரச்சக்கரம் போட்ட ஆண்டாள் தேர் கிளம்பினால் நிலைக்கு வந்து சேர்வது சாமி சித்தம். வீதி முக்கில் திரும்ப மனமில்லாமல் நாள்கணக்கில் நிற்கும், கூட்டமும் நிற்கும், பலூன்காரருக்கும் வளையல்காரருக்கும் எனக்கும் பிழைப்பு நடக்கும். இப்போது இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக். காலையில் கிளம்பிய தேர் சமர்த்தாக வீடு திரும்பிவிடுகிறது. தேருக்கு நல்லதுதான். பால்கோவாவுக்கும் 2019-இல் புவிசார் குறியீடு வந்துவிட்டது, பிளாஸ்டிக் டப்பாவில் முத்திரையோடு கூரியரில் பறக்கிறது. மந்தார இலையில் ஒட்டிக்கொண்டிருந்ததை வழித்து நக்கியவன் நாக்குக்கு எந்த அலுவலகமும் குறியீடு வழங்கவில்லை.

ஆனால் என்னை மனிதனாக்கியது பால்கோவா அல்ல, அரசியல். எம்.ஜி.ஆர். மறைந்து கட்சி இரண்டாக உடைந்து, இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் சின்னமாக வந்ததை வரலாற்றாசிரியர்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும். சுவர் எழுதுகிறவர்களுக்கு அது பொற்காலம். அதுவரை தேர்தல் என்றால் பிரஷ் பிடிக்கத் தெரிந்தவனெல்லாம் ஆர்ட்டிஸ்ட்தான். சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் வைத்துப் பாதி வளைத்தால் சூரியன், இரண்டு பக்கமும் முக்கோணம் போட்டால் மலை. சொந்தக் கையைப் பதித்துச் சுற்றிலும் கோடு இழுத்தால் காங்கிரஸ். இலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சேவல் அப்படியா? கொண்டை வேண்டும், கழுத்துச் சிலிர்ப்பு வேண்டும், வால் இறகு வளைந்து விழ வேண்டும், காலில் முள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே அது கோழியாகத் தெரியக் கூடாது. தென்காசி ரோட்டில் ஒருவன் வரைந்த இரட்டைப் புறாவை இரட்டை வாத்து என்று பஸ்ஸில் போகிறவர்கள் கைகாட்டிச் சிரித்தார்கள். டைம் ஆபீசில் வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் சேவல் சேவலாகக் கிறுக்கித் திட்டு வாங்கிய என்னைத் தேடி, ஆளுக்கொரு ஜீப்பில் இரண்டு அணிக்காரர்களும் வந்தார்கள். காலையில் சேவல், சாயங்காலம் புறா. கொள்கை முரண்பாடெல்லாம் டர்பன்டைனில் கழுவினால் போய்விடும். முன்பணமாக ரொக்கம் வாங்கியது அந்த ஒரு தேர்தலில்தான். பெரியப்பா எங்கள் வீட்டுக்கு எதிர்ச் சுவரில் இருந்த சேவலை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “கால் நல்லா வந்திருக்கு” என்றார். அந்த வருஷமே கட்சி ஒன்றானது, இலை திரும்பி வந்தது, தட்டுக்காரர்களும் திரும்பி வந்தார்கள்.

பிறகு தலைமைத் தேர்தல் ஆணையராகச் சேஷன் வந்து சுவர்களைக் காப்பாற்றினார். அதன் பிறகு ஃபிளக்ஸ் வந்தது, அதிலிருந்து யாரும் யாரையும் காப்பாற்றவில்லை. அந்தக் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான், விடுங்கள்.

இப்போது என் தங்கை மகன் வேலையை விட்டிருக்கிறான். சென்னையில் ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தவன், கொரோனாவுக்கு லேப்டாப்போடு ஊருக்கு வந்தான், வந்தவன் திரும்பிப் போகவில்லை. முடங்கியார் ரோட்டு வீட்டின் மாடியறையில் உட்கார்ந்து, தளவாய்புரம் நைட்டிகளுக்கு லேபிளும், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்கு அட்டைப்பெட்டியும், அமெரிக்காவில் யாரோ விற்கிற நாய்த்தீனிக்கு லோகோவும் வரைகிறான். ஃப்ரீலான்சர் என்று அவனைக் கல்லூரியில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்திப் பேசச் சொல்கிறார்கள். எனக்குப் போர்த்தியதெல்லாம் ஏச்சுதான். அவன் வேலையைப் பார்த்தேன்; அருமையாகவே இருக்கிறது. அழுக்கு படாத கையால் இத்தனை வண்ணமா என்று கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. சங்கு ஊதிவிட்டால் மில்லும் மில்காரனும் தனித்தனி. இவனுக்குச் சங்கு சட்டைப்பையிலேயே இருக்கிறது, இரவு இரண்டு மணிக்கு ‘டிங்’ என்கிறது, நாய்த்தீனிக்காரர் அப்போதுதான் மதியச் சாப்பாடு முடித்துவிட்டு நாயின் காதைச் சற்றுப் பெரிதாக்கச் சொல்கிறார். வேலை பிடித்தால் நட்சத்திரம் போடுவார்களாம், ஒன்று குறைந்தால் அடுத்த வேலை வராதாம். எனக்கு மார்க் போட்டது சங்கரன்கோவில் முக்கு டீ மாஸ்டர் ஒருத்தர்தான். “ஸ்ரீக்கு வால் கொஞ்சம் நீளம்ணே” என்று டீயை ஆற்றிக்கொண்டே சொல்லிவிட்டு, அதே டீயைக் கடனுக்கும் கொடுப்பார். நாய்த்தீனிக்காரர் பணம் போட இரண்டு மாதம் இழுக்கிறார் என்று பையன் அலுத்துக்கொண்டபோது, அதுவரைக்கும் சாப்பிட ஏதாவது அனுப்புகிறாரா என்று கேட்டேன். லேப்டாப்பைச் சற்று என் பக்கமிருந்து திருப்பி வைத்துக்கொண்டான்.

போன வாரம் தங்கை போன் செய்தாள். பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள்; பயோடேட்டாவில் வேலை என்ற இடத்தில் என்ன போடுவது என்று குழப்பம். எனக்குப் பெண் பார்த்தபோது அம்மா ரொம்ப நாள் “மில்லுல லீவு போட்டிருக்கான்” என்றே சமாளித்துக்கொண்டிருந்தாள். காலம் மாறிவிட்டது, அந்தப் பொய்யெல்லாம் எதற்கு, தைரியமாகச் சொந்தத் தொழில் என்று போடு என்றேன்.

“போட்டுப் பாத்தாச்சுண்ணே” என்றாள். “எத்தனை தறி ஓடுதுன்னு கேக்காங்க.”